‘வயித்தை வலிக்குதும்மா...!’

திங்கட்கிழமை காலை ஏழே கால். குக்கர் மூணாவது விசில் அடிக்கிறது. ஒரு கையில் டிபன் பாக்ஸ், இன்னொரு கையில் சீப்பு என்று நீங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அந்தக் குரல் வருகிறது. ‘‘அம்மா... வயித்தை வலிக்குதும்மா... இன்னிக்கு ஸ்கூலுக்குப் போகலை...’’

சனி, ஞாயிறு இரண்டு நாளும் தெருவையே ரெண்டு பண்ணிய வாண்டு! நேற்று ராத்திரி சமர்த்தாக மூன்று தோசை சாப்பிட்டது. இப்போது போர்வைக்குள் சுருண்டு கிடக்கிறது. ‘‘டிராமா பண்ணாதே... எழுந்திரு!’’ என்று அப்பா அதட்டுகிறார். ‘‘பாவம், குழந்தை முகமே வாடிப்போச்சு. ஒருநாள் லீவு போட்டாத்தான் என்ன, குடியா முழுகிடும்?’’ என்று பாட்டி பரிந்துகொண்டு வருகிறார். நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது நீங்கள்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். அந்த வலி நிஜம். நடிப்பு இல்லை. அதனால் அப்பா சொல்வது தப்பு. லீவு போட்டால் சரியாகிவிடும் என்று பாட்டி நினைக்கிறாரே, அதுவும் தப்பு. அது ஏன் என்று பிறகு பார்ப்போம்.

நமக்கே இன்டர்வியூவுக்குப் போகும்போது என்ன ஆகிறது? ‘வயித்தைக் கலக்குது’ என்கிறோம். பேங்கிலிருந்து கடன் நோட்டீஸ் வந்தால் ‘வயித்துல புளியைக் கரைச்சுது’ என்கிறோம். காலேஜ் பையன் ராத்திரி பதினோரு மணியாகியும் வீடு திரும்பவில்லை என்றால், ‘வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்’ என்கிறோம். பயமும் கவலையும் வந்தால் முதலில் வயிற்றைத்தான் பிடிக்கும் என்பது நம்மவர்களுக்குப் பரம்பரையாகத் தெரிந்த சமாச்சாரம்!

மருத்துவம் சொல்வதும் இதேதான். பயம் வந்ததும் மூளை உடம்புக்கு அவசர உத்தரவு போடுகிறது. அட்ரினலின் சுரக்கிறது. ஓடுவதற்கோ எதிர்த்து நிற்பதற்கோ தயாராகும் விதமாக ரத்தம் கை கால் தசைகளுக்குத் திருப்பிவிடப்படுகிறது. ஜீரண வேலை அப்படியே தடைபடுகிறது. குடலின் சுவரிலேயே கோடிக்கணக்கான நரம்பணுக்கள் இருக்கின்றன. அவற்றுக்கும் மூளைக்கும் நடுவே ஓயாமல் சேதி போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கிறது. மூளையில் கலவரம் என்றால் குடல் சும்மா இருக்காது. குமட்டும், பிசையும், அவசரமாக பாத்ரூம் வரும். ஐந்து வயசுக் குழந்தைக்கு ‘எனக்குக் கவலையா இருக்கு’ என்று சொல்லத் தெரியாது. தெரிந்தது வயிறுதான். அதைச் சொல்கிறது.

முதலில் டாக்டர்!

ஆனால், ‘ஓ, கவலைதானே!’ என்று வீட்டிலேயே முடிவு கட்டிவிடக் கூடாது. 1958-ல் ஜான் ஆப்லி என்ற பிரிட்டிஷ் குழந்தை மருத்துவரும் நோரா நெய்ஷ் என்ற பெண் மருத்துவரும் 1,000 பள்ளிக் குழந்தைகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். ஏறக்குறைய பத்தில் ஒரு குழந்தைக்கு அடிக்கடி வயிற்றுவலி வந்துகொண்டிருந்தது. அவர்களிலும் மிகச் சிலரிடம்தான் உடம்பில் இன்ன கோளாறு என்று காட்ட முடிந்தது. ஆப்லி சொன்ன ஒரு கணக்கைக் குழந்தை டாக்டர்கள் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள். வலி தொப்புளை விட்டு எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அவ்வளவுக்கு உடம்புக் கோளாறு இருக்கும் வாய்ப்பு அதிகம். ‘எங்கே வலிக்குது, ஒரு விரலால் காட்டு’ என்று கேட்டால், கவலைக்காரக் குழந்தை பெரும்பாலும் தொப்புளைச் சுற்றியே காட்டும்.

இது டாக்டருக்கு உதவும் குறிப்புதான். நீங்களே தீர்ப்பு எழுதுவதற்கு இல்லை. ராத்திரித் தூக்கத்தில் எழுப்பிவிடும் வலி, எடை குறைவது, ஜுரம், திரும்பத் திரும்ப வாந்தி, மலத்தில் ரத்தம், வலது அடிவயிற்றில் வலி, சிறுநீர் போகும்போது எரிச்சல்... இவற்றில் எது இருந்தாலும் உடனே டாக்டரிடம் ஓட வேண்டும். இதெல்லாம் இல்லை, டாக்டரும் பார்த்துவிட்டு ‘உடம்பில் ஒன்றும் இல்லை’ என்று சொல்லிவிட்டார் என்றால், அங்கேதான் நம் வேலை ஆரம்பம். பல வீடுகளில் அதோடு முடிந்துபோகிறது என்பதுதான் வருத்தம். ‘‘பாத்தியா, டாக்டரே ஒண்ணுமில்லேன்னுட்டார். இனிமே வலின்னு சொன்னே... பாத்துக்கோ!’’ என்று குழந்தைக்குத் தெரிந்த ஒரே பாஷையையும் பிடுங்கிவிடுகிறோம்.

தவிட்டுக்கு வாங்கின குழந்தை

‘‘உன்னை நாங்க பெத்துக்கவே இல்லைடா. குடுகுடுப்பைக்காரன்கிட்ட தவிட்டுக்கு வாங்கினோம்!’’

இந்தக் கேலியைக் கேட்காமல் வளர்ந்த தமிழர்கள் கொஞ்சம்தான். பெரியவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நாலு வயசுக் குழந்தை சிரிக்காது. நேராகக் கண்ணாடி முன்னால் போய் நின்று, ‘என் மூக்கு அப்பா மூக்கு மாதிரி இருக்கா?’ என்று பார்க்கும்!

சுவிட்சர்லாந்து உளவியல் அறிஞர் ஜான் பியாஜே குழந்தைகள் எப்படிச் சிந்திக்கிறார்கள் என்பதையே வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர். இரண்டு வயசிலிருந்து ஏழு வயசு வரை குழந்தையின் நியாயம் வேறு மாதிரி என்று காட்டியவர் அவர். அந்த வயசில் குழந்தைக்கு எல்லாமே தன்னைச் சுற்றியே நடக்கிறது. ‘நான் தாத்தாகிட்ட கோவிச்சுக்கிட்டேன். தாத்தா செத்துப்போயிட்டார். அதனால நான்தான் காரணம்.’ நமக்கு இது அபத்தம். அதற்கு இது கணக்குப் போட்டுக் கண்டுபிடித்த உண்மை. அந்தக் கணக்கை அது யாரிடமும் சொல்லாது. சொன்னால் திட்டு விழும் என்ற பயம் வேறு.

‘பூச்சாண்டிகிட்ட புடிச்சுக் குடுத்துடுவேன்’, ‘டாக்டர் மாமாகிட்ட சொல்லி ஊசி போடச் சொல்றேன்’, ‘போலீஸ்காரர் வர்றார் பாரு’ என்று ஒரு வாய் சாதம் இறங்குவதற்காக நாம் சொல்வதையெல்லாம் குழந்தை அப்படியே நம்பும். நாளைக்குக் கூட்டத்தில் தொலைந்துபோனால் அது போய் நிற்க வேண்டிய ஆள் போலீஸ்காரர். அவரைப் பார்த்தே மிரண்டு ஓடுகிற மாதிரி வளர்த்தால்? இந்த மிரட்டல்களை இன்றோடு விட்டுவிடுங்கள். சாதம் இரண்டு கவளம் குறைந்தால் ஒன்றும் ஆகிவிடாது.

வயசுக்கு வயசு பயம் மாறுவது இயற்கை. எட்டு மாதத்தில் புது முகத்தைப் பார்த்து அழும். இரண்டு வயசில் மிக்ஸி சத்தம், பாத்ரூம் ஃப்ளஷ். நாலு, ஐந்தில் இருட்டு, பேய், தெருநாய். ஆறு, ஏழுக்கு மேல் டீச்சர் திட்டு, மார்க், திருடன், அம்மா அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற எண்ணம். தொல்காப்பியர், அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்று வகுத்திருக்கிறார். வருத்தும் தெய்வம் போன்றவை, விலங்கு, கள்வர், நமக்கு மேலே அதிகாரத்தில் இருப்பவர். நம் வீட்டு வாண்டின் பேய், நாய், திருடன், டீச்சர் என்ற பட்டியலேதான்! அச்சத்தை ‘மெய்ப்பாடு’ என்ற தலைப்பில் வைத்தாரே, அதையும் கவனியுங்கள். மெய் என்றால் உடம்பு.

இரட்டைச் சடை போடும் நேரம்

ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒன்றாம் வகுப்பு படிக்கும் பெண். ஸ்கூல் என்றால் துள்ளிக்கொண்டு போகிறவள். திடீரென்று இரண்டு வாரமாகக் காலையில் வயிற்றுவலி. டாக்டர் பார்த்தாயிற்று. ‘மிஸ் அடிச்சாங்களா?’ இல்லை. ‘யாராவது கிள்ளினாங்களா?’ இல்லை. ‘பின்னே ஏன் போக மாட்டேங்கறே?’ பதில் இல்லை, அழுகைதான். ஸ்கூலுக்கே போய் விசாரித்தால், ‘பத்து மணிக்கு மேல நல்லா விளையாடறாளே’ என்கிறார்கள்.

கேள்விகள் எல்லாம் ஸ்கூலைப் பற்றியே இருந்தன. பிரச்னை இருந்தது வீட்டில்.

ஒருநாள் இரட்டைச் சடை பின்னும்போது அம்மா கேள்வியை மாற்றிக் கேட்கிறாள். ‘‘உன் வயித்துக்குள்ள என்னவோ உட்கார்ந்துக்கிட்டு உன்னைப் பிசையுதுல்ல? அதுக்குப் பேச்சு வந்தா என்ன சொல்லும்?’’

வெகுநேரம் பதில் இல்லை. ரிப்பன் கட்டி முடிக்கும்போது, திரும்பிப் பார்க்காமலே அந்தப் பெண் கேட்கிறாள். ‘‘நான் ஸ்கூல்லேருந்து வர்றப்ப நீ இருப்பியாம்மா?’’

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சண்டை. ‘‘இனிமே என்னால முடியாது. நான் எங்க அம்மா வீட்டுக்கே போயிடறேன்!’’ என்று அம்மா கத்தியிருக்கிறாள். பெரியவர்களுக்கு அது மறுநாள் காலை காபியோடு முடிந்துபோன சண்டை. தூங்குவதாக நினைத்த குழந்தைக்கு முடியவில்லை. தான் ஸ்கூலுக்குப் போன நேரம் பார்த்து அம்மா பெட்டியோடு கிளம்பிவிட்டால்? அதனால் அம்மாவுக்குக் காவல் இருக்கிறாள், பாவம்!

சின்னக் குழந்தை ஸ்கூலுக்குப் போக மறுத்தால், ஸ்கூலில் என்ன பயம் என்று கேட்பதோடு, வீட்டை விட்டுப் போவதில் என்ன பயம் என்றும் பார்க்க வேண்டும். அம்மாவுக்கு ஜுரம், பாட்டி ஆஸ்பத்திரியில், வீட்டில் புதுப் பாப்பா... இதெல்லாம்கூடக் காரணமாக இருக்கும்.

அந்த அம்மா செய்த நல்ல காரியம் இரண்டு. ஒன்று, முகத்துக்கு நேராக உட்கார வைத்துக் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்துக் கேட்டால் குழந்தைக்கு அது போலீஸ் விசாரணை! சடை பின்னும்போது, குளிப்பாட்டும்போது, ஸ்கூட்டரில் போகும்போது, பட்டாணி உரிக்கும்போது, விளக்கணைத்த பிறகு படுக்கையில்... இந்த நேரங்களில் வாய் தானாகத் திறக்கும். கை வேலையில் இருக்க வேண்டும், கண்ணுக்குக் கண் பார்க்கக் கூடாது. செல்போனைத் தள்ளி வைத்துவிட வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது, ‘ஏன்?’ என்று கேட்கவில்லை. ‘ஏன் பயப்படறே?’ என்பதற்குப் பெரியவர்களாலேயே பதில் சொல்ல முடியாது. ‘எங்கே இருக்கு அந்தப் பயம்? வயித்திலயா, நெஞ்சிலயா? எவ்வளவு பெரிசு? எறும்பா, பூனையா, யானையா? எப்ப வரும், எப்ப போகும்?’ என்று கேட்டுப் பாருங்கள். பட்டென்று பதில் வரும். ‘யானை. யூனிஃபார்ம் போடறப்ப வரும். பிரேயர் முடிஞ்சா பூனையாயிடும்.’ அடடா, எவ்வளவு தெளிவு!

பேச்சே வராத குழந்தைக்குக் காகிதமும் கலர் பென்சிலும் கொடுங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கத்தில் குழந்தைகளோடு வேலை செய்தவர்கள் படம் வரைவதையும் கதையையும் விளையாட்டையும்தான் கையில் எடுத்தார்கள். வாயால் சொல்ல முடியாத குழந்தைகள் அலை அலையாக வரைந்தார்கள். உங்கள் வீட்டில் அவ்வளவு பெரிய துக்கம் இல்லாமல் இருக்கலாம். முறை ஒன்றுதான். ஆனால் ‘இந்தக் கறுப்பு எதுக்கு? இதுக்கு என்ன அர்த்தம்?’ என்று ஜோசியம் பார்க்கக் கிளம்பிவிடாதீர்கள். ‘இது யாரு? அப்புறம் என்ன ஆச்சு?’ அவ்வளவு போதும்.

‘ஒண்ணுமில்லே, பயப்படாதே’

நம் வீடுகளில் மிக அதிகமாகப் புழங்கும் மருந்து இதுதான்! எல்லோரும் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறோம். குழந்தையின் காதில் எப்படி விழுகிறது தெரியுமா? ‘ஒண்ணுமில்லே’ என்றால் ‘நீ சொல்றது பொய்’. ‘பயப்படாதே’ என்றால் ‘பயந்தா என்கிட்ட சொல்லாதே’. ஆண் குழந்தையாக இருந்தால் ‘ஆம்பளைப் பிள்ளை அழலாமா?’ என்று ஒரு பூட்டு வேறு. இந்தப் பூட்டைப் போடுவது பெரும்பாலும் நம் அப்பாக்கள். (பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள் ஸார், உங்களுக்கும் சேர்த்துத்தான் இது!) பத்து வருஷம் கழித்து ‘பையன் எதையுமே மனசு விட்டுப் பேச மாட்டேங்கறான்’ என்று புலம்புவதும் அதே அப்பாதான்.

அதற்குப் பதிலாக, அந்த உணர்ச்சிக்கு ஒரு பேர் வைத்துக் கொடுங்கள். ‘‘புது மிஸ்ஸு, புது கிளாஸு... படபடன்னு இருக்கா?’’, ‘‘நாளைக்கு மேடையில பாட்டு... கூச்சமா இருக்கோ?’’ பயம், கவலை, கூச்சம், படபடப்பு, ஏக்கம், பொறாமை, ஏமாற்றம்... நம்மிடம் வார்த்தைக்கா பஞ்சம்! ஆனால் குழந்தை காதில் விழுவது ‘கோவமா?’, ‘அழறியா?’ இரண்டுதான். பறவைப் பேர், காய்கறிப் பேர் சொல்லித் தருவது போல இதையும் சொல்லித் தர வேண்டும். ‘‘அம்மாவுக்கு இன்னிக்கு ஆபீஸ்ல படபடப்பா இருந்துச்சு. தண்ணி குடிச்சேன், பக்கத்து சீட் ஆன்ட்டிகிட்ட சொன்னேன், கொஞ்சம் குறைஞ்சுது’’ என்று நீங்களே பேசிக் காட்டினால் குழந்தை கப்பென்று பிடித்துக்கொள்ளும்.

பேர் வைப்பதால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். அமெரிக்காவில் மேத்யூ லீபர்மன் என்ற ஆராய்ச்சியாளர் 2007-ல் தன் குழுவோடு ஒரு சோதனை முடிவை வெளியிட்டார். பெரியவர்களை ஸ்கேனில் படுக்க வைத்து, கோபமான, பயந்த முகங்களின் படங்களைக் காட்டினார்கள். ‘இது கோபம்’, ‘இது பயம்’ என்று அந்த உணர்ச்சிக்குப் பேரைத் தேர்ந்தெடுத்தபோது, பயத்துக்கு மணியடிக்கும் மூளைப் பகுதியான அமிக்டலாவின் துடிப்பு அடங்கியது. வாதுமைக் கொட்டை அளவு சமாச்சாரம், அதுதான் இத்தனை ஆட்டம் போடுகிறது! பெரியவர்கள் மூளைக்கே பேர் சொன்னால் கொஞ்சம் சாந்தம் வருகிறது என்றால், பேரே தெரியாமல் தவிக்கும் குழந்தையின் பாட்டை யோசித்துப் பாருங்கள்.

பயந்த குழந்தைக்குப் பாட்டி விபூதி பூசுவதும், தர்காவில் மந்திரித்துக் கூட்டி வருவதும் நம் ஊரில் உண்டு. ‘பயந்த கோளாறு’ என்று அதற்கு ஒரு பேரே இருக்கிறது. தலையில் ஒரு பெரிய கை வைத்து, யாரோ ஒருவர் ‘சரியாயிடும்’ என்று சொல்லும்போது குழந்தைக்கு ஒரு தெம்பு வருவது உண்மைதான். செய்யுங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் திரும்பி வரும் வழியில், ‘எதைப் பார்த்துடா பயந்தே?’ என்று கேட்க மறந்துவிடாதீர்கள்.

சொன்ன பிறகு?

குழந்தை சொல்லிவிட்டது. இனிமேல்தான் பெரியவர்கள் சொதப்புவது அதிகம்.

அந்த இரட்டைச் சடைப் பெண்ணின் அம்மா, ‘‘அடி லூசு! இதுக்கா இத்தனை நாளா அழுதே?’’ என்று சிரித்திருந்தால் அத்தோடு கதவு சாத்தியிருக்கும். அப்படிச் செய்யாமல் இப்படிச் சொல்லலாம். ‘‘அம்மா போயிடுவேனோன்னு பயமா இருந்துச்சா? அதான் வயித்தைப் பிசைஞ்சுதா? அன்னிக்கு அம்மா கோவத்துல கத்திட்டேன். உன்னால வந்த சண்டை இல்லை அது. நாலு மணிக்கு கேட்டுகிட்ட நிப்பேன்.’’ அப்புறம் முக்கியமான விஷயம், நாலு மணிக்குக் கேட் பக்கத்தில் நிற்க வேண்டும். நாலே காலுக்கு இல்லை. குழந்தைக்கு நம்பிக்கை வருவது வார்த்தையை விட அந்தக் கடிகாரத்தில்தான்.

உண்மையிலேயே அம்மாவும் அப்பாவும் பிரியப் போகிறார்கள் என்றால்? ‘ஒண்ணும் ஆகாது’ என்று பொய் சொல்லாதீர்கள். குழந்தைக்குத் தெரிய வேண்டியதெல்லாம், யார் கூட இருப்பேன், யார் ஸ்கூலுக்கு விடுவார்கள், இன்னொருத்தரை எப்போது பார்ப்பேன், இது என் தப்பா, இவ்வளவுதான். இந்த நாலுக்கும் நேரான பதில் சொன்னால் போதும். வழக்கு, வக்கீல், யார் யாரை ஏமாற்றினார் என்பதெல்லாம் அந்தச் சின்னத் தலைக்குள் திணிக்க வேண்டியவை இல்லை.

சாவைப் பற்றிக் கேட்டாலும் இதே கதைதான். ‘தாத்தா தூங்கறார்’ என்று சொன்னீர்களானால், அன்று ராத்திரியிலிருந்து குழந்தைக்குத் தூங்கவே பயம் வந்துவிடும். ‘ஊருக்குப் போயிருக்கார்’ என்றால் தினமும் வாசலைப் பார்க்கும். ‘தாத்தா செத்துட்டார். அவர் உடம்பு வேலை செய்யறதை நிறுத்திடுச்சு. திரும்பி வர மாட்டார். நீ சண்டை போட்டதால இல்லை’ என்று சொல்லுங்கள். சாமிகிட்ட போயிட்டார் என்பது உங்கள் நம்பிக்கை என்றால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது பாட்டியின் லீவு விஷயத்துக்கு வருவோம். பயந்த இடத்துக்கு அனுப்பாமல் விட்டால் அன்று காலை வயிற்றுவலி பறந்துவிடும். அதனால்தான் அது ஆபத்து. ‘போகாமல் இருந்தால்தான் நல்லது’ என்று குழந்தையின் மூளை பாடம் படித்துவிடுகிறது. ஒருநாள் லீவு இரண்டு நாளாகும், இரண்டு நாள் ஒரு வாரமாகும். திரும்பப் போவது முன்னை விடப் பத்து மடங்கு கஷ்டம்.

அதற்காகக் கதறக் கதற ஆட்டோவில் தூக்கிப் போடவும் வேண்டாம். நடுவில் ஒரு வழி இருக்கிறது. 1924-ல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்கப் பெண் உளவியலாளர், மூன்று வயசுகூட நிரம்பாத ஒரு குட்டிப் பையனைப் பற்றி எழுதினார். கட்டுரையில் அவனுக்கு அவர் வைத்த பேர் பீட்டர். வெள்ளை முயலைக் கண்டால் அலறுவான். பஞ்சைப் பார்த்தாலும் பயம். அவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்து உட்கார வைத்து, கூண்டிலிருந்த முயலை அறையின் கோடியில் வைத்தார்கள். அவன் தாங்கும் அளவுக்குத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டு வந்தார்கள். முயலுக்குப் பயப்படாத வேறு குழந்தைகளையும் சேர்த்து விளையாட விட்டார்கள். கடைசியில் பையன் முயலைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தான். நூறு வருஷம் தாண்டிவிட்டது, இன்றும் குழந்தைகளின் பயத்துக்கு டாக்டர்கள் கையாளும் வழிக்கு அடிப்படை இதுதான்.

நாய்க்குப் பயப்படும் பையனுக்கு முதலில் நாய்ப் படம். அடுத்து பால்கனியிலிருந்து தெருநாயை வேடிக்கை. பிறகு பக்கத்து வீட்டுக் கட்டிப்போட்ட நாயை கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பது. (தெரியாத நாயைத் தொடாமல் இருப்பது பயம் இல்லை, புத்திசாலித்தனம். அதையும் சொல்லிக் கொடுங்கள்.) ஸ்கூல் பயம் என்றால் மிஸ்ஸிடம் பேசி, முதல் வாரம் அம்மா கிளாஸ் வாசல் வரை, அடுத்த வாரம் மாடிப்படி வரை, பிறகு கேட் வரை. டாட்டா சொல்வது சுருக்கமாக இருக்க வேண்டும். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து நீங்களும் கண்ணைக் கசக்கினால் காரியம் கெட்டது! சொல்லாமல் கொள்ளாமல் நழுவுவதும் கூடாது.

வயிறு பிசையும் அந்த நிமிஷத்துக்கு ஒரு கைவைத்தியம். சுடுபாலை ஊதி ஆற்றுவது போல மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடச் சொல்லுங்கள். வேகமாக ஊதினால் பால் சிந்திவிடும் என்று சொன்னால் புரிந்துகொள்ளும். ஐந்தாறு தடவை போதும். நிம்மதியாக இருக்கும்போதே பழக்கிவிடுங்கள். அழும்போது புதிதாக ஆரம்பித்தால் எடுபடாது.

சில குழந்தைகள் ஒரே கேள்வியை நூறு தடவை கேட்கும். ‘திருடன் வர மாட்டான்ல? கதவு பூட்டிட்டியா? நிஜமா பூட்டிட்டியா?’ ஒவ்வொரு தடவையும் பதில் சொல்லிக்கொண்டே போனால் கேள்வி வளரும். ஒரு தடவை சேர்ந்து போய்ப் பூட்டைப் பாருங்கள். அடுத்த தடவை, ‘இதுக்கு என்ன பதில்னு உனக்கே தெரியுமே, நீ சொல்லு’ என்று திருப்பிவிடுங்கள். சாயங்காலம் பத்து நிமிஷம் ‘கவலை நேரம்’ என்று ஒதுக்கி, எல்லாவற்றையும் அப்போது கொட்டச் சொல்வதும் நல்ல உபாயம். துண்டுக் காகிதத்தில் எழுதியோ வரைந்தோ பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு மூடி வைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை திறந்து பார்த்தால் பாதிக் கவலை காலாவதியாகியிருக்கும்!

விளையாட்டு இல்லாத விஷயம்

இப்படிப் பேசிப் பழக்கிய குழந்தை ஒருநாள், நீங்கள் கனவிலும் எதிர்பார்க்காத ஒன்றைச் சொல்லக்கூடும். ‘வேன் அங்கிள் எனக்குப் பிடிக்காத மாதிரி தொடறார்.’ ‘மாடி வீட்டு அண்ணன் இதை யார்கிட்டயும் சொல்லாதேன்னார்.’ பெரும்பாலும் முன்பின் தெரியாதவர் இல்லை, வீட்டுக்கு வந்து போகும் ஆளாகவே இருப்பார். அந்த நிமிஷம் உங்கள் முகம் எப்படி இருக்கிறது என்பதைக் குழந்தை உற்றுப் பார்க்கும். நீங்கள் அலறினாலோ, ‘அவரைப் போய் அப்படிச் சொல்லாதே’ என்று அடக்கினாலோ, இனி ஜன்மத்துக்கும் சொல்லாது. ‘‘சொன்னது ரொம்ப நல்லது. நான் நம்பறேன். இது உன் தப்பு இல்லை. இனிமே நான் பாத்துக்கறேன்’’ என்பது மட்டுமே அப்போது வாயில் வர வேண்டும். தோண்டித் துருவிக் கேட்க வேண்டாம். சொந்தக்காரர்களைக் கூட்டிப் பஞ்சாயத்தும் வேண்டாம். 2012-ல் வந்த போக்சோ சட்டப்படி இதைப் போலீசுக்குத் தெரிவிப்பது கட்டாயம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு எந்த நேரத்திலும் இலவசமாக போன் செய்யலாம். குழந்தைக்கே அந்த நம்பரை மனப்பாடம் செய்து வைக்கலாம்.

‘மனசு விட்டுப் பேசு’ என்று சின்னச் சின்னக் கவலையில் பழக்குவது எதற்காக என்றால், இதற்காகத்தான். எறும்புக் கவலைக்குச் சிரித்தவரிடம் யானைக் கவலையைக் கொண்டு வர யாருக்கும் தைரியம் வராது.

மற்றபடி, பயம் நாலு வாரத்துக்கு மேல் நீடித்தால், ஸ்கூல், சாப்பாடு, தூக்கம் மூன்றில் ஒன்று கெட்டுப்போனால், நின்றுபோன படுக்கையில் சிறுநீர் மறுபடி ஆரம்பித்தால், ‘நான் செத்துப்போயிடறேன்’ என்று ஒரே ஒரு தடவை சொன்னாலும்கூட (‘டி.வி. பார்த்துட்டுச் சொல்லுது’ என்று விட்டுவிடாதீர்கள்), டாக்டரைப் பார்க்க வேண்டும். முதலில் வழக்கமான குழந்தை டாக்டர், அவர் சொன்னால் குழந்தை மனநல மருத்துவர். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. போனில் பேச வேண்டுமானால், 2022-ல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் 14416. தமிழிலேயே பேசலாம்.

‘பைத்தியக்கார டாக்டர்கிட்டயா போறோம்?’ என்று வீட்டில் யாராவது கேட்பார்கள், கேட்கட்டும். அங்கே முதல் நாள் நடப்பது பெரும்பாலும் பேச்சும் விளையாட்டும் படம் வரைவதும்தான். கிளம்புகிற அன்று காலையில் ‘சும்மா கடைக்குப் போறோம்’ என்று ஏமாற்றிக் கூட்டிப்போகாமல், ‘உன் வயித்துல உட்கார்ந்திருக்கே அந்த யானை, அதை எப்படிச் சின்னதாக்கலாம்னு தெரிஞ்ச ஒரு டாக்டர்கிட்ட போறோம்’ என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள்.